புது கம்ப்யூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் அணைகிறதா? சுவரிலிருந்து தொடங்குங்கள்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்ட கேள்வி இது: "மூன்று வாரத்துக்கு முன் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி). திடீர் திடீரென்று அணைந்துவிடுகிறது. நீலத் திரை வருவதில்லை. சில நாள் மூன்று முறை அணைகிறது, சில நாள் ஒருமுறைகூட இல்லை. கேம் ஆடும்போதும் அணைகிறது, சும்மா பாட்டு ஓடும்போதும் அணைகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, லைட் கூட மினுக்குவதில்லை. கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்று என்கிறார். நண்பன் மதர்போர்டு என்கிறான். எதை முதலில் மாற்றுவது?"

தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள், ஒரு நோட்டு எடுத்து வையுங்கள்.

கும்பகோணத்தில் 18 வருடமாக இந்த வேலை செய்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒருவர் இதே புகாரோடு ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். ராமை மாற்றினேன், அப்புறம் போர்டை மாற்றினேன், அப்புறம் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றினேன். என் மேஜையில் நாள் முழுக்க ஓடும். அவர் வீட்டுக்குப் போனால் மறுநாளே அணையும். கடைசியில் நேரில் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சொருகியிருந்த பிளக் பாயிண்டுக்குள் நியூட்ரல் ஒயரின் ஸ்க்ரூ தளர்ந்து, ஒயர் முனை கருகிப் போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் 5 நிமிட வேலை. அந்த மனிதர் அதற்குள் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்பதால்தான் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், எப்படி அணைகிறது என்று உற்றுப் பாருங்கள். 'அணைகிறது' என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. தானே அணைந்து தானே மறுபடி எழுந்தால் அது ஒன்று. அணைந்து அப்படியே கிடந்து, பவர் பட்டனை அமுக்கியதும் வந்தால் அது வேறு. பட்டனை அமுக்கினாலும் வராமல், பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால்தான் வருகிறது என்றால் அது மூன்றாவது. திரை மட்டும் கறுத்து, உள்ளே ஃபேன்கள் சுற்றிக்கொண்டே இருந்தால் அது அணைவதே இல்லை. அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு, அதன் டிரைவர் அல்லது மானிட்டர் கேபிள் சம்பந்தப்பட்டது.

இதில் மூன்றாவது வகைதான் தெளிவாகப் பேசும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கின்றன: மின்னோட்டம் எல்லை மீறினால், வோல்டேஜ் ஏறினால், எங்காவது ஷார்ட் ஆனால், அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பல எஸ்எம்பிஎஸ்களில் மெயின் கரண்டைத் துண்டித்து, உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகுதான் அந்தப் பூட்டு திறக்கும். அப்படி நடந்தால் கோளாறு கேபினெட்டுக்குள்தான் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. நீலத் திரை விழும் கோளாறு என்றால் விண்டோஸ் வழக்கமாக ரீஸ்டார்ட் ஆகும், அணைந்து கிடக்காது. ஆகவே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதில் இப்போது நேரம் செலவழிக்க வேண்டாம்.

சரி, உள்ளேயா வெளியேயா என்று பிரித்துவிட ஒரு எளிய வழி இருக்கிறது. பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும், போர்டின் அமைப்புத் திரை) போய் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்ற அமைப்பைத் தேடுங்கள். சில போர்டுகளில் 'ஏசி பேக்' என்று இருக்கும். அது வழக்கமாக 'பவர் ஆஃப்' என்று வைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் சுவரிலிருந்து வரும் கரண்ட் ஒரு கண் சிமிட்டும் நேரம் நின்று வந்தாலும் கம்ப்யூட்டர் அணைந்து அப்படியே கிடக்கிறது. அதை 'பவர் ஆன்' என்று மாற்றிவிடுங்கள். இனி வெளியே கரண்ட் போய் வந்து அணைந்தால், கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி எழுந்துவிடும். சூடு அதிகமாகி அணைந்தாலோ, பவர் பட்டன் கோளாறால் அணைந்தாலோ, எஸ்எம்பிஎஸ் பூட்டிக்கொண்டாலோ பெரும்பாலும் எழாது. ஒரு ரூபாய் செலவில்லாமல் சந்தேகம் பாதியாகக் குறைந்துவிடும். இந்தச் சோதனை முடியும் வரை வெளியே போகும்போது சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஆளில்லாத வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுதுங்கள்: மணி, என்ன ஓடிக்கொண்டிருந்தது, தானாக எழுந்ததா, அந்த நேரத்தில் வீட்டில் மோட்டாரோ மிக்ஸியோ ஃபிரிட்ஜோ ஓடியதா. பத்து தடவை எழுதினால் போதும், கோடு தெரிய ஆரம்பிக்கும்.

இப்போது வெளியே இருந்து தொடங்குவோம். நம் டெல்டாவில் இந்தப் பகுதிக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன்.

கடைமடை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் மதகை முட்டிக்கொண்டு போகும். வழியில் ஒவ்வொருவரும் வயலுக்குத் திருப்பத் திருப்ப, கடைசி வயலுக்குச் சேறு நனையும் அளவுதான் வந்து சேரும். மின்கம்பியும் அப்படித்தான். டிரான்ஸ்பார்மர் பக்கத்து வீட்டில் 235 வோல்ட் இருக்கும்போது, அதே லைனின் கடைசி வீட்டில் 190 இருக்கலாம். கம்பியின் நீளம் கூடக் கூட அதன் மின்தடை கூடுகிறது. வழியில் மோட்டார்கள் இழுக்கும் ஆம்பியர் கூடக் கூட அந்தத் தடையில் தொலையும் வோல்டேஜும் கூடுகிறது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், குறுவைக்கு நாற்றங்கால் போடும் நாட்களில் போர் மோட்டார்கள் ஓடத்தான் செய்யும். மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். பக்கத்து வீட்டுக் குடிதண்ணீர் மோட்டாரே போதும், உங்கள் வீட்டு வோல்டேஜ் ஒரு கணம் குப்புற விழுந்து எழ.

உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். 'இன்புட் 100-240 வோல்ட்' என்றிருந்தால் 160 வோல்ட்டிலும் அது அசராமல் ஓடும். '200-240' என்று மட்டும் இருந்தால், 180-க்கு இறங்கும்போது அது அணைவதற்கு முழு நியாயம் இருக்கிறது. குறைந்த விலை எஸ்எம்பிஎஸ்கள் பல இந்த இரண்டாவது ரகம். ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மத்தியானம், சாயங்காலம் 7 மணி, ராத்திரி 11 மணி என்று மூன்று வேளை பிளக் பாயிண்டில் அளந்து அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மெயின் கரண்டை அளந்து பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களாகக் கைவைக்க வேண்டாம்.

அடுத்தது இன்வெர்ட்டர். உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். லைட் கூட மினுக்கவில்லை என்றீர்கள். ஆனால் லைட்டை வைத்து முடிவு செய்ய முடியாது.

நம் கரண்ட் நொடிக்கு 50 சுழற்சி, ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட். சுவரிலிருந்து வரவு நின்றுபோனால், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை வைத்து முழு லோடில் அது சமாளிக்கும் நேரம் ஏறத்தாழ 16, 17 மில்லிசெகண்ட்தான். ஒரு சுழற்சிகூட முழுதாக இல்லை. மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் கெபாசிட்டர் சின்னதாக இருந்தால் அதைவிடவும் குறைவு. இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், 'யுபிஎஸ்' என்றும் 'நார்மல்' என்றும் எழுதியிருக்கும். சிலவற்றில் 'எக்கோ', 'வைட்' என்று வேறு பெயர் இருக்கும். யுபிஎஸ் பக்கம் வைத்தால் கரண்ட் போனதும் சுமார் 10 மில்லிசெகண்டில் பேட்டரிக்கு மாறும். நார்மலில் வைத்தால் 40 வரை ஆகலாம். அந்த இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, பல்புக்கும் கண்ணுக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். அதோடு, நார்மலில் வைத்த இன்வெர்ட்டர் வோல்டேஜ் நூற்றுச் சொச்சம் வரை இறங்கினாலும் பேட்டரிக்கு மாறாமல் அப்படியே உள்ளே விடும். யுபிஎஸ் பக்கம் வைத்தால் 180 வாக்கில் இறங்கியதுமே பேட்டரிக்குப் போய்விடும். இன்வெர்ட்டர் மாட்ட வருபவர்கள் பேட்டரி அடிக்கடி வேலை செய்யாமல் நீடிக்கட்டும் என்று அதை நார்மலில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு அது சரியான அமைப்புதான். உங்களுக்கு அல்ல. இன்றே போய் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். 'புது கம்ப்யூட்டர் அணைகிறது' என்று வந்தவர்களில் பலருக்கு என் வேலை அந்தச் சுவிட்சோடு முடிந்திருக்கிறது.

இன்வெர்ட்டர் சைன் வேவ் ரகமா, ஸ்கொயர் வேவ் ரகமா என்பதையும் பாருங்கள். இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கிறது. வளைந்து வளைந்து வரவேண்டிய அலை, ஸ்கொயர் வேவ் ரகத்தில் படிக்கட்டு மாதிரி வந்தால் சில எஸ்எம்பிஎஸ்களுக்கு அது ஒத்துவராது, பேட்டரிக்கு மாறிய நொடியே அணைந்துவிடும்.

கம்ப்யூட்டருக்கென்று தனி யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் உண்மையில் தாங்குவது 360 வாட்தான். உங்கள் செட்டுக்குக் கணக்குப் போடலாம்: பிராசஸர் முழு வேகத்தில் 76 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட், போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து ஒரு 50. கிட்டத்தட்ட 300. எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாகும் சூட்டையும் மானிட்டரையும் சேர்த்தால் சுவரிலிருந்து இழுப்பது 370 வாட்டைத் தாண்டும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அந்த யுபிஎஸ் ஓவர்லோடில் கையை விரித்துவிடும். வெறுமனே பாட்டுக் கேட்கும்போது போனால் தாங்கும். 'சில சமயம் அணைகிறது, சில சமயம் இல்லை' என்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியும் நம் வெயிலில் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் நம்பத் தகுந்ததல்ல.

பிளக் பக்கம் வருவோம். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சொருகும் பவர் கார்டைக் கையால் லேசாக ஆட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்டி, அணைந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பழைய மானிட்டரோடு வந்த மெல்லிய கார்டு என்றால் தூக்கிப் போட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்ததையே போடுங்கள். மூன்று நான்கு ஓட்டை உள்ள மல்டி பிளக்கில் டேபிள் ஃபேன், சார்ஜர், கம்ப்யூட்டர் மூன்றையும் தொங்கவிடாதீர்கள். சோதனை நடக்கும் வாரத்திலாவது சுவரில் நேரடியாக, முடிந்தால் 16 ஆம்பியர் பாயிண்டில் போடுங்கள். இன்னும் நல்லது, கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஒருமுறைகூட அணையவில்லை என்றால், அணைய வைப்பது உங்கள் வீட்டுக் கரண்ட்தான்.

எர்த் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நம் ஊர்களில் ஓட்டு வீடுகளிலும், பழைய அக்ரஹார வீடுகளிலும் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று கிள்ளுகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்ன கெபாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகின்றன. எர்த் இல்லையென்றால் கேபினெட் அந்த இரண்டுக்கும் நடுவே, சுமார் 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கிள்ளலோடு போகிறது. எர்த் இல்லாத ஒரே காரணத்தால் கம்ப்யூட்டர் அணைவது அபூர்வம்தான். ஆனால் உள்ளே ஏதாவது ஒன்று பழுதானால் அது உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் தள்ளிப்போட வேண்டாம். எர்த் சரியாக இருந்தால் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய முழு வோல்டேஜும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் காட்டும். நம் களிமண் சித்திரை வைகாசியில் பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த் குழியும் காய்ந்துபோகும். குழியில் அவ்வப்போது இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லும் பெரியவர்கள் காரணத்தோடுதான் சொல்கிறார்கள். சில எலக்ட்ரீஷியன்கள் எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் பாயிண்டுக்குள்ளேயே ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு 'எர்த் கொடுத்தாச்சு' என்பார்கள். அதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் உங்கள் கேபினெட் முழுக்க பேஸ் ஏறிவிடும்.

வெளியே எல்லாம் சுத்தம், 'பவர் ஆன்' வைத்தும் அது தானாக எழவில்லை என்றால், இனி கேபினெட்டுக்குள் போகலாம்.

உள்ளே கை வைக்கும் முன் விண்டோஸைக் கேளுங்கள். 'ஈவென்ட் வியூவர்' திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்', அதில் 'சிஸ்டம்'. கர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். பலர் அந்த 41-ஐப் பார்த்து அதுவே நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போனமுறை ஒழுங்காக மூடாமல் அணைந்துவிட்டது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்வதில்லை. அதன் 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் 'பக்செக் கோட்' என்ற எண் இருக்கிறதே, அதைப் பாருங்கள். 0 என்றால் விண்டோஸுக்குப் பேச நேரமே கிடைக்கவில்லை, பெரும்பாலும் கரண்ட் அறுந்தது. வேறு எண் இருந்தால் அது நீலத் திரை விழுந்த கதை. உதாரணமாக 292 என்றால் பிராசஸர், போர்டு போன்ற வன்பொருள் பக்கத்துக் கோளாறு. அதே பக்கத்தில் 'பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்' என்று ஒரு வரி இருக்கும். அது 0-வாக இல்லாமல் நீங்களும் பட்டனைத் தொடவில்லை என்றால், பட்டன் தானாக அமுங்குகிறது என்று அர்த்தம். 1074 என்ற பதிவு இருந்தால் ஏதோ ஒரு நிரல் முறைப்படி அணைத்திருக்கிறது. காலாவதியான சோதனைப் பதிப்பு விண்டோஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே அணைத்துக்கொள்ளும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பவர் பட்டனை யாரும் சந்தேகப்படுவதில்லை. நான் எப்போதும் சந்தேகப்படுவேன். நான்கு நொடி அமுங்கியபடி இருந்தால் போர்டு எதையும் கேட்காமல் கரண்டை அறுத்துவிடும். மலிவு கேபினெட்டுகளில் பட்டன் சிக்கிக்கொள்ளும், உள்ளே தகடு உரசும், கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் துருவேறும். போர்டிலிருந்து பவர் சுவிட்சின் இரண்டு பின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பி, ஒயர் இல்லாமலே இரண்டு நாள் ஓட்டுங்கள். அணைவது நின்றுவிட்டதா? ரீசெட் பட்டனின் ஒயரைப் பவர் பின்னில் மாட்டி அதையே பவர் பட்டனாக வைத்துக்கொள்ளுங்கள். செலவே கிடையாது.

சூடு அடுத்தது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சென்சார் அளவுகளை நொடிக்கு நொடி கோப்பில் எழுதிவைக்கும். அணைந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். உங்கள் 5600-க்கு எல்லை 90 டிகிரி. அதைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால்தான் அணையும். ஆகவே கடைசி வரியில் 65 டிகிரி இருந்தால் பிராசஸர் சூடு காரணமில்லை என்று கோடு போட்டு அடித்துவிடலாம். 90-ஐ ஒட்டி நின்றால் பிராசஸர் மேல் இருக்கும் கூலரைக் கழற்றிப் பாருங்கள். தனியாக வாங்கிய கூலர்களில் அடித்தகட்டின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் மாட்டியவர்கள் நிறையப் பேர். நான்கு ஸ்க்ரூவும் சமமாக இறங்கியிருக்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் அறை 37 டிகிரியில் இருந்தால், மார்கழியில் இருந்ததைவிடப் பிராசஸரும் அதே பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாகத்தான் நிற்கும். சம்பா பருவத்து ராத்திரிகளில் விளக்கைத் தேடி வரும் பச்சைப் பூச்சிகள் முன் ஃபேன் வலையில் அப்பிக்கொள்ளும், அதையும் துடைத்து வையுங்கள்.

அசெம்பிள் செய்தவர் நீங்களே என்பதால் இதையும் கேட்கிறேன். போர்டுக்குக் கீழே தேவையில்லாத இடத்தில் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டைக் கால்) ஒன்று மிஞ்சி நின்று போர்டின் அடிப்பக்கத்தைத் தொடுகிறதா? கேபினெட்டின் பின்பக்கத் தகட்டின் நாக்கு யுஎஸ்பி ஓட்டைக்குள் மடிந்து கிடக்கிறதா? போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் பிராசஸர் கேபிள் 'கிளிக்' என்ற சத்தத்தோடு உட்கார்ந்ததா? 24 பின், கிராஃபிக்ஸ் கார்டின் 8 பின் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி அழுத்திச் சொருகுங்கள். இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸின் மாட்யூலர் கேபிளை (இரண்டு முனையும் கழற்றி மாட்டக்கூடியது) இதில் போட்டிருந்தால் உடனே கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி கிடையாது. சொருக முடிகிறது என்பதால் உள்ளே ஒயர் வரிசை ஒன்றே என்று ஆகாது, போர்டே எரிந்துபோகலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் எஸ்எம்பிஎஸ். உங்கள் செட்டுக்கு 300 வாட் என்று மேலே கணக்குப் போட்டோம், ஆகவே நிஜமான 550 வாட் தாராளம். கேள்வி அது நிஜமா என்பதுதான். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட், நேர்மையான எஸ்எம்பிஎஸ். 25 ஆம்பியர் என்றால் 300 வாட்தான், மேலே பெரிதாக எழுதியிருக்கும் 550-ஐ மறந்துவிடுங்கள். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பசியாறுவது அந்த 12 வோல்ட்டில்தான். கிராஃபிக்ஸ் கார்டு சராசரியாக 170 இழுத்தாலும், மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக எகிறும். தரமில்லாத எஸ்எம்பிஎஸ் அந்த எகிறலை ஷார்ட் என்று நினைத்து மூடிக்கொள்ளும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்ட் தாங்க வேண்டும் என்று சொல்வதே இதற்காகத்தான்.

சோதிக்க, கம்ப்யூட்டரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் ஓசிசிடி மென்பொருள் போதும். பிராசஸரை மட்டும் அரை மணி ஓட்டுங்கள். அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும். கடைசியில் இரண்டையும் சேர்த்து 'பவர்' சோதனை. தனித்தனியே தாங்கி, சேர்த்து ஓட்டும்போது 'டக்' என்று அணைந்தால் விரல் எஸ்எம்பிஎஸ்ஸை நோக்கித் திரும்புகிறது. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராஃபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் குறைத்து இரண்டு நாள் கேம் ஆடுங்கள். அணைவது நின்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. அப்போதும் வாங்காதீர்கள். நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை அதன் கேபிள்களோடு மூன்று நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். சிலர் பேப்பர் கிளிப்பால் பச்சை ஒயரைத் தொட்டு, ஃபேன் சுற்றியதும் 'நல்லா இருக்கு' என்பார்கள். சுமையே இல்லாமல் சுற்றுவது எதையும் நிரூபிக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

கேமில் அணையாமல், சும்மா இருக்கும்போது மட்டும் அணைந்தால் ஒரு தனி வழி உண்டு. ரைசன் பிராசஸர்கள் ஓய்வில் மிகக் குறைவாக மின்சாரம் இழுக்கும். சில எஸ்எம்பிஎஸ்கள் அவ்வளவு குறைந்த இழுப்பில் நிலைதடுமாறும். பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிகல் கரண்ட் ஐடில்' என்று மாற்றிப் பாருங்கள். ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பையும் சில நாள் அணைத்து வையுங்கள். ராம் கோளாறு பெரும்பாலும் நீலத் திரையாகவோ ரீஸ்டார்ட்டாகவோதான் வரும் என்பதால் அதை இங்கே நீட்டவில்லை. ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனையை ஓட்டினால் தெரிந்துவிடும். பயாஸ் அப்டேட் செய்யச் சொல்லி யாராவது சொன்னால், நல்ல யோசனைதான், ஆனால் எப்போது அணையும் என்று தெரியாத கம்ப்யூட்டரில் அதைச் செய்யாதீர்கள். பாதியில் அணைந்தால் போர்டே கல்லாகிவிடும். அணையும் காரணம் தெரிந்த பிறகு செய்துகொள்ளலாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இரண்டே: இன்வெர்ட்டரின் சுவிட்ச், பயாஸில் 'பவர் ஆன்'. அடுத்த ஞாயிறு எனக்கு எழுதும்போது நோட்டில் உள்ள நேரங்கள், தானாக எழுந்ததா இல்லையா, மூன்று வேளை வோல்டேஜ், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரின் போட்டோ, 41-க்குள் இருக்கும் பக்செக் எண் இந்த ஐந்தையும் சேர்த்து அனுப்புங்கள் தம்பி. மேற்கொண்டு எதைக் கழற்ற வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.